ஆறாம் வண்டியின் தேதி

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை, தேதி இருபத்து நான்கு. காலை பத்தே கால். எண்ணெய் ஆலையின் சோதனை அறை. இருந்தவர்கள்:

1. கலவைக்காரி. கடைகளில் பொரித்துத் தீர்ந்த பழைய எண்ணெயை வண்டி ஓடும் டீசலாக மாற்றுகிறவள். நிற்கிறாள். நாற்காலி இருக்கிறது. உட்காரச் சொல்ல ஆளில்லை.

2. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஆலை முதலாளி. ஜன்னலைப் பார்க்கிறான். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருக்கிறது.

3. இன்ஸ்பெக்டர். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு காகிதம். மேஜையில் தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு சாவி.

4. ஆம்புலன்ஸ் டெப்போவின் ஹெட் மெக்கானிக். நகத்தில்கூட அழுக்கில்லை.

5. ஆறாம் நம்பர் ஆம்புலன்ஸின் டிரைவர். மேற்படி மெக்கானிக்கின் தங்கச்சி புருஷன். தூங்கி ரெண்டு நாள் ஆகியிருக்கும்.

6. மேடம்.

7. நான்.

வராதவர்: தையல்காரர். புதன்கிழமை மத்தியானம் பாலத்தின் மேல், நின்றுபோன ஆறாம் நம்பர் வண்டிக்குள் செத்துப்போனார்.

பட்டியலை எழுதியவன் விசில். பதினான்கு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, டிக்கெட் வாங்க மறுத்த மேலதிகாரியை நடுவழியில் இறக்கிவிட்டதால் வேலை போனவன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் தலை எண்ணாமல் அவனுக்கு நிற்க வராது. சர்வேயர் அவனை உதவிக்கு வைத்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சர்வேயர்தான் பட்டியலில் உள்ள மேடம். ஐம்பத்திரண்டு வயது. காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவுகிறவர். கண்ணாடியைக் கழற்றி, துண்டு அளவுக்குப் பெரிய வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதிரில் இருப்பவர் பேச ஆரம்பிப்பார். அதற்காகத்தான் துடைப்பது.

இன்ஸ்பெக்டர் பேசினார்.

"பன்னெண்டு மணிக்கு ஜீப் வரும். அதுக்குள்ள நீங்க பார்க்கிறதைப் பார்த்துக்குங்க. அப்புறம் இந்தம்மா என்கூட வருவாங்க."

"என்ன கேஸ்?" என்றார் சர்வேயர்.

"கலப்படம். அதனால ஒரு மரணம். ரெண்டும் சேர்ந்தா ஏழு வருஷம். ஆலைக்கு ஒண்ணும் இல்ல. கலவைப் பொறுப்பு முழுக்க இந்தம்மாவோடதுதான்னு எழுத்துல புகார் வந்திருக்கு."

அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

"யாரு எழுதினது சார்?" என்றான் விசில்.

"அது உனக்கு எதுக்கு?"

"சும்மாதான். கையெழுத்து நல்லா இருந்தா பாராட்டலாம்னு."

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்துவிட்டு மேஜை மேலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் காட்டினார். உள்ளே இருந்தது கழுநீர் மாதிரி இருந்தது. டீசல் அப்படி இருக்காது. பழைய டீசலும் இருக்காது, புது டீசலும் இருக்காது.

"ஆறாம் நம்பர் வண்டி டாங்க்ல இருந்து நேத்து காலையில நான்தான் இறக்கினேன்" என்றான் மெக்கானிக். நிதானமான குரல். "தண்ணி, சோப்பு, எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. சரியாக் கழுவாத எண்ணெய். இதுல வண்டி ஓடும்னு நம்பி ஆறு ஆம்புலன்ஸை இவங்க கையில கொடுத்தோம். பூமிக்கு அடியில இருந்து வர டீசல்னா இந்தக் கதி வருமா? சட்டி எண்ணெய்ல உசுரை ஏத்திட்டுப் போனா இப்படித்தான்."

கலவைக்காரி அந்தக் கேனை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"தொடாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அது தடயம்."

"முகர்ந்துகூடப் பார்க்க விடமாட்டேங்கறீங்க."

"நீங்க குற்றவாளிம்மா. தடயத்தை மோந்து பார்க்கறது எங்க வேலை."

"அதுக்குத்தான் நாய் வெச்சிருக்காங்க" என்று விசில் முணுமுணுத்தான். இன்ஸ்பெக்டர் காதில் விழவில்லை. அல்லது விழுந்தும் மணி பத்தரை ஆகிவிட்டதால் விட்டுவிட்டார்.

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க அனுப்பினதுல ஒரு சாம்பிள் வெச்சிருப்பீங்களே?"

கலவைக்காரி அலமாரியைத் திறந்தாள். வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் கம்பியில் ஒரு தகரத் துண்டு. தகரத்தில் ஆணியால் கீறிய எண்.

"காகிதத்துக்கு அவ்வளவு பஞ்சமா?" என்றான் விசில். "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி..."

"சீக்கிரம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் நாற்பத்தொன்று என்று கீறியிருந்த பாட்டிலை எடுத்தாள். ஆம்புலன்ஸ்களுக்குக் கடைசியாகப் போனது அந்தக் கலவைதான். பாதியை ஒரு காலி பாட்டிலில் ஊற்றினாள். அவசரத்தில் கொஞ்சம் வெளியே வழிந்தது. அதே அளவு தண்ணீர் சேர்த்தாள். மூடினாள். பலமாகக் குலுக்கி மேஜையில் வைத்தாள்.

"சரியாக் கழுவின எண்ணெய்னா கொஞ்ச நேரத்துல தண்ணி கீழ, எண்ணெய் மேலன்னு தனித்தனியாப் பிரிஞ்சுடும். கழுவலைன்னா கடைசி வரைக்கும் அந்தக் கேன் மாதிரியே நிக்கும்."

"பிரிஞ்சா மட்டும்?" இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். "உங்க பாட்டில், உங்க அலமாரி. நேத்து ராத்திரி நல்லதா ஒண்ணு ஊத்தி வெச்சிருக்கலாம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தான்.

இந்த ஆலை அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பீப்பாய்களில் ஆரம்பித்தது. கடை கடையாகப் போய்ப் பழைய எண்ணெய் கேட்டு வாங்கியவன் அவன். அதை வடிகட்டி, மெத்தனால் சேர்த்து, காஸ்டிக் சேர்த்து, அடியில் தங்கும் கிளிசரினை இறக்கி, மூன்று தண்ணீரில் கழுவிக் காயவைத்து டீசலாக்கக் கற்றுக்கொண்டவள் அவள். கலவை அறைக்குள் அவளைத் தவிர யாரும் போகக்கூடாது. மெத்தனால் ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும். சாவி எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். இன்று அது இன்ஸ்பெக்டரின் தொப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது.

சர்வேயர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"வண்டி எப்படி நின்னுச்சு?"

"நின்னுச்சு."

"அது எனக்கும் தெரியும்ப்பா. எப்படி?"

டிரைவர் மெக்கானிக்கைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பாலம் ஏறும்போது இழுக்கல. மூச்சு முட்டற ஆள் மாதிரி ரெண்டு உதறு உதறிச்சு. ஆஃப் ஆயிடுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்ச தூரம் போச்சு. மறுபடி நின்னுச்சு. மூணு தடவை." தோளில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்தான். "மூணாவது தடவை நிக்கும்போது தையல்காரர் என்கிட்ட, 'தம்பி, அவசரமில்ல, மெதுவாப் போ'ன்னாரு. அப்புறம் பேசல."

விசில் பேனாவை மூடினான்.

"இந்தக் கேன்ல இருக்கிறது டாங்க்ல இருந்திருந்தா வண்டி டெப்போ கேட்டைத் தாண்டியிருக்காது" என்றாள் கலவைக்காரி. "நின்னு நின்னு கிளம்புச்சுன்னா அது ஃபில்டர் அடைப்பு. அது பதினோரு வருஷம் பெட்ரோல் பங்க் டீசல்ல ஓடின வண்டி. டாங்க் அடியில தார் மாதிரி அழுக்கு படிஞ்சு கெடக்கும். நம்ம டீசல் உள்ள போனா அதை உரிச்சு எடுத்துடும். உரிச்சது எங்க போகும்? ஃபில்டருக்குத்தான். அதுக்குத்தான் ஒண்ணாந்தேதி முதல் பீப்பாய் கொடுக்கும்போதே சீட்டு எழுதி அனுப்பினேன். முதல் வாரத்துலயே எல்லா வண்டிக்கும் ஃபில்டர் மாத்துங்கன்னு."

"மாத்தினேனே" என்றான் மெக்கானிக். குரல் ஏறவில்லை. "மூணாந்தேதி. ஆறு வண்டிக்கும். மாத்தினதும் ஃபில்டர் மேலயே தேதி போடுவேன். இருபத்திரெண்டு வருஷப் பழக்கம். அஞ்சு நிமிஷ நடைதான், வந்து பாருங்க. மடியில கனமில்ல, எனக்கென்ன பயம்?"

சர்வேயர் எழுந்தார். மணி பத்து ஐம்பது.

டெப்போவில் மூன்று வண்டிகள் நின்றன. மற்ற மூன்றும் அழைப்பில் போயிருந்தன. மெக்கானிக் முன்னால் நடந்தான். சர்வேயரும் விசிலும் பின்னால். டிரைவர் கேட் அருகிலேயே நின்றுவிட்டான்.

"ஆறை அப்புறம் பார்ப்போம்" என்றார் சர்வேயர். "முதல்ல இதுங்க ரெண்டும்."

இரண்டாம் நம்பர் வண்டியின் பானெட்டைத் திறந்தான் மெக்கானிக். விசில் தலையை உள்ளே விட்டான். ஃபில்டர், டால்கம் பவுடர் டப்பா அளவுக்கு ஒரு தகரக் குப்பி. மேலே எண்ணெய் வியர்த்திருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு. ஐந்தாம் நம்பரிலும் அப்படியே.

"என்னண்ணே, இதுங்க ரெண்டும் வயசைச் சொல்ல மாட்டேங்குது? சினிமா நடிகைங்க மாதிரி."

"டிரைவர்ங்க துணியால துடைச்சுத் துடைச்சு அழிச்சிருப்பானுங்க" என்றான் மெக்கானிக். "ஆறை வந்து பாரு."

ஆறாம் நம்பர் வண்டி ஓரமாகக் கயிறு கட்டி நின்றது. புதன்கிழமை இழுத்து வந்ததிலிருந்து யாரும் அதை ஸ்டார்ட் செய்யவில்லை. உள்ளே படுக்கை விரிப்பு இன்னும் சுருண்டு கிடந்தது. பானெட் திறந்தது. ஃபில்டர் சுத்தமாக, உலர்ந்து இருந்தது. அதன் மேல் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில்: 3.

"பார்த்துக்குங்க" என்றான் மெக்கானிக்.

சர்வேயர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

விசிலின் கை முழுவதும் கிரீஸ். குழாயடியில் ஒரு டப்பாவில் ஆரஞ்சு நிறக் களிம்பு இருந்தது. மெக்கானிக்குகள் கை கழுவுவதற்கு. எடுத்துத் தேய்த்தவன் முகம் கோணியது.

"என்னண்ணே இது, மணலைப் போட்டுப் பிசைஞ்சு வெச்சிருக்கீங்க? அழுக்கு போறதுக்கு முன்னாடி ரேகை போயிடும் போலிருக்கே."

"அந்த மணல்தான்ப்பா கிரீஸை எடுக்கும். வெறும் சோப்பு எடுக்காது."

"வாசனை மட்டும் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி. நக்கிடலாம்னு தோணுது."

பட்டியல் எழுதிய நோட்டு, ஆலையில் மேஜை மேலேயே இருந்தது. விசில் மெக்கானிக்கின் சட்டைப் பையிலிருந்த மார்க்கரைக் கேட்டு வாங்கி, உலர்ந்த இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்: ஆறாம் வண்டி, தேதி 3.

திரும்பும்போது, மெக்கானிக்கும் டிரைவரும் பின்தங்க, சர்வேயர் வேகமாக நடந்தார். தோற்றவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். சீக்கிரம் போய் முடித்துவிட வேண்டும் என்று.

"மேடம், டபுள் விசில் கொடுத்துடலாமா?" என்றான் விசில்.

"ஃபில்டர் மாத்தியிருக்கு. மாத்தின ஃபில்டர் மூணு வாரத்துல அடைக்காது. அப்போ அந்தப் பொண்ணு சொல்றது தப்பு."

"நம்ம ஆளு ரொம்பக் கரெக்டான ஆளு மேடம். நகத்துல அழுக்கில்லாத மெக்கானிக்கை நான் இப்பதான் பார்க்கிறேன்."

சர்வேயர் ஒரு கணம் நடையைத் தளர்த்தினார். பிறகு மீண்டும் நடந்தார்.

சோதனை அறைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. கலவைக்காரி சர்வேயரின் முகத்தைப் பார்த்தாள். ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். அதை நான்காக மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மடிப்பு கோணலாக இருந்தது. எடுத்து மறுபடி மடித்து வைத்தாள்.

"அண்ணா" என்றாள். "நாப்பத்திரண்டாவது கலவை இன்னும் ரெண்டாவது தண்ணியிலதான் நிக்குது. மூணாவது தண்ணி மாத்தணும். எப்படின்னு உனக்குத் தெரியாது. யாரையும் தொட விடாதே, அப்படியே நிக்கட்டும்."

"சரி பாப்பா" என்றான் அவன் ஜன்னலிடம்.

மேஜை மேல் அவள் குலுக்கி வைத்த பாட்டில் இருந்தது. கீழே தண்ணீர் கண்ணாடியாக நின்றது. மேலே எண்ணெய் பொன் நிறத்தில். நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. விசில் அதை இடது கையால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"சார், பாருங்க, பிரிஞ்சிடுச்சு. தாய் பிள்ளைன்னாலும் வாயும் வயிறும் வேறதான்."

"நான்தான் சொன்னேனே, அந்தப் பாட்டில் தடயமாகாது" என்றார் இன்ஸ்பெக்டர். தொப்பியை எடுத்தார்.

விசில் பாட்டிலை வைத்துவிட்டு நோட்டை எடுத்தான். கையில் எழுதியதை அதில் ஏற்ற வேண்டும். உள்ளங்கையைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். வலது கையையும் பார்த்தான்.

"மேடம். என் கை ரேகை ஜோசியரையே ஏமாத்திடும் போலிருக்கு. தேதியைக் காணோம்."

உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு மட்டும் இருந்தது.

சர்வேயர் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். பாட்டிலைப் பார்த்தார். அவள் ஊற்றியபோது வழிந்த எண்ணெய் பாட்டிலின் வெளிப்பக்கம் இன்னும் மினுங்கியது. பிறகு அலமாரியைப் பார்த்தார். வரிசையாகத் தொங்கும் தகரத் துண்டுகள்.

"ஏம்மா. எண்ணெல்லாம் ஏன் தகரத்துல கீறி வெச்சிருக்கே?"

"மை நிக்காதும்மா" என்றாள் கலவைக்காரி. கேள்வியின் அவசரம் அவளுக்குப் புரியவில்லை. "நம்ம எண்ணெய் பட்டா எந்த மையும் உரிஞ்சுடும். பெயின்ட்டே உரியும். ஆரம்பத்துல லேபிள் ஒட்டி எழுதினோம். ஒரு மாசத்துல எந்தப் பாட்டில் எதுன்னு தெரியாமப் போச்சு."

"வண்டியில ஃபில்டருக்கு வெளியே இந்த எண்ணெய் படுமா?"

"பழைய வண்டியில ரப்பர் வாஷரைக் கொஞ்சம் இளக்கும். லேசாக் கசியும். பயப்பட ஒண்ணுமில்ல, துடைச்சுட்டு ஓட்டலாம். வியர்த்த மாதிரி இருக்கும்."

"வியர்த்த மாதிரி" என்று திருப்பிச் சொன்னார் சர்வேயர். மெக்கானிக் பக்கம் திரும்பினார். "ரெண்டாம் நம்பர் வியர்த்திருந்துச்சு. அஞ்சாம் நம்பர் வியர்த்திருந்துச்சு. ரெண்டுலயும் நீங்க மூணாந்தேதி போட்ட தேதி கரைஞ்சு போயிருச்சு. மூணு வாரம் ஓடின வண்டி அப்படித்தான் இருக்கும். ஆறாம் நம்பர்ல மட்டும் தேதி நேத்து எழுதின மாதிரி இருக்கே?"

"அது... நல்ல மார்க்கர்."

"அதே மார்க்கர்தான்ணே" விசில் உள்ளங்கையை நீட்டினான். "பத்து நிமிஷம் தாங்கல."

"என்ன சொல்ல வரீங்க?" இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கீழே வைத்தார்.

"ஆறாம் நம்பர் ஃபில்டர் மூணாந்தேதி மாட்டினதில்ல. வண்டி கடைசியா நின்னதுக்கப்புறம் மாட்டினது. அதனாலதான் ஒரு சொட்டு கசிவுகூட இல்லாம உலர்ந்து கெடக்கு. புது ஃபில்டரை மாட்டி, பழைய தேதியைப் போட்டிருக்கார். தேதி போடற பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா எனக்குக் காட்ட ஒண்ணுமே இருந்திருக்காது."

மெக்கானிக் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "மை அழிஞ்சுது, அழியலன்னு ஒரு மனுஷனைக் குத்தம் சொல்வீங்களா? அப்போ இந்தக் கேன்? இதுக்கு என்ன சொல்றீங்க? டாங்க்ல இருந்து வந்தது இது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?"

"முடியாது" என்றார் சர்வேயர். "இன்ஸ்பெக்டர், தடயத்தை நான் தொடலாமா?"

மணி பதினொன்று ஐம்பது. இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். "தொடுங்க."

சர்வேயர் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு காலிப் பாத்திரத்தின் வாயில் விரித்தார். கேனை மெதுவாகச் சாய்த்தார். மேலே இருந்ததை வேறு வாளியில் வடியவிட்டு, அடியில் இருந்ததை மட்டும் கைக்குட்டையில் ஊற்றினார். கழுநீர் இறங்கியது. துணி நனைந்து சரிந்தது. அதன் நடுவே ஒரு பிடி மணல் தங்கியது. வெளிறிய ஆரஞ்சு நிறம்.

"டாங்க் அழுக்கு" என்றான் மெக்கானிக் உடனே.

"டாங்க் அழுக்கு கறுப்பா இருக்கும்" என்றாள் கலவைக்காரி. அவள் இப்போது கேனுக்கு அருகில் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். "இது எங்க ஆலையில எதுலயும் இல்லாத வாசனை."

விசில் ஒரு விரலால் மணலைத் தொட்டான். இரு விரல்களுக்கு நடுவே உருட்டினான். அவன் முகத்தில் வழக்கமான இளிப்பு இல்லை.

"ஆரஞ்சு மிட்டாய்" என்றான்.

சர்வேயர் சொன்னார்: "நல்ல எண்ணெய்ல வெறும் தண்ணி ஊத்தினா பிரிஞ்சுடும், அதோ அந்தப் பாட்டில் மாதிரி. வியாழக்கிழமை காலையில நீங்க ஊத்திப் பார்த்திருப்பீங்க. பிரிஞ்சிருக்கும். சோப்பு வேணும். டெப்போவுல கைக்கு எட்டின சோப்பு எது? குழாயடியில இருக்கிறது. குலுக்கினதும் பால் மாதிரி ஆச்சு. மணல் அடியில போயிடுச்சு. கண்ணுக்குத் தெரியல."

"எவன் வேணா போட்டிருக்கலாம். என் டப்பா பூட்டியா வெச்சிருக்கேன்? என் வேலைக்கு, என் பேருக்கு..."

"மச்சான்" என்றான் டிரைவர்.

காலையிலிருந்து அவன் தானாகப் பேசிய முதல் சொல்.

"நீ சும்மா இரு மாப்ள."

"ரெண்டு நாளா சும்மாதான் இருக்கேன்."

"வீட்டுல உன் பொண்டாட்டி என் தங்கச்சிடா. அதை நெனச்சுக்கிட்டுப் பேசு."

"அவதான் சொல்லச் சொன்னா."

டிரைவர் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தான். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒன்று. மேஜை மேல் வைத்துப் பிரித்தான். ஒரு ஃபில்டர். அதன் வாயிலிருந்து கறுப்பாக, தடித்த ஏதோ ஒன்று தாளில் வழிந்தது. தார் மாதிரி. பதினோரு வருஷத்துத் தார்.

"புதன்கிழமை சாயங்காலம் கழட்டினாரு. ஆத்துல போடச் சொன்னாரு. ஆத்தைத் தாண்டணும்னா அந்தப் பாலத்து மேலதான் போகணும். போக முடியல." அவன் குரல் தட்டையாக இருந்தது. "மூணாந்தேதி என் வண்டி அழைப்புல இருந்துச்சு. திரும்பி வந்து கேட்டேன், 'எனக்கு எப்ப மாத்தப் போறீங்க மச்சான்?'னு. 'சர்வீஸ் கார்டுல ஆறு வண்டிக்கும் சேர்த்து எழுதிட்டேன், நாளைக்கு வா'ன்னாரு. மறுநாள் கேட்டேன். நாளைக்குன்னாரு."

"பத்து நிமிஷ வேலை" என்றாள் கலவைக்காரி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மெக்கானிக் தன் சுத்தமான கைகளைப் பார்த்தான். அவற்றை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தினமும் அந்த வண்டி வெளியவே இருக்கும்" என்றான். "நிக்கும்போது பார்த்துக்கலாம்னு நெனச்சேன்."

"நின்னுச்சே" என்றான் விசில்.

வாசலில் ஜீப்பின் ஹாரன் ஒரு முறை ஒலித்தது. பன்னிரண்டு.

இன்ஸ்பெக்டர் ஃபில்டரைச் செய்தித்தாளோடு சுருட்டி எடுத்துக்கொண்டார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு மெக்கானிக்கை ஒப்படைத்தார். அவன் போகும்போது டிரைவரின் பக்கம் திரும்பினான். டிரைவர் திரும்பவில்லை. காலடிச் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது.

கலவைக்காரி முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலிலிருந்து அண்ணன் திரும்பினான். முகத்தில் உயிர் வந்திருந்தது.

"பாப்பா! நான்தான் அப்பவே நெனச்சேன். உன் கையில தப்பு வருமா? இனி எவனும் நம்ம டீசலை..."

"ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். மடிப்பைப் பிரித்து மேஜையில் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"புகாரை வாபஸ் வாங்கணும். எழுதினவரே கையெழுத்துப் போடணும்."

பேனாவின் முனை அண்ணனை நோக்கி இருந்தது.

விசில் தன் நோட்டைப் பார்த்தான். இரண்டாம் எண். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு, அதற்கு மேல் யோசிக்காமல் விட்டிருந்தான்.

கலவைக்காரி எழுந்து வந்து காகிதத்தைப் படித்தாள். நின்றபடியே படித்தாள். பத்து வரிதான். 'கலவைப் பொறுப்பு முழுவதும் என் தங்கையுடையது. நாற்பத்தொன்றாம் கலவையை அவள் சரியாகக் கழுவவில்லை என்று நம்புகிறேன். ஆலைக்கு இதில் சம்பந்தமில்லை.' கீழே கையெழுத்து. வியாழக்கிழமைத் தேதி.

"ஆலையை மூடிடுவாங்கன்னு மிரட்டினாங்க பாப்பா" என்றான் அண்ணன். "ஆலை நின்னா நாம ரெண்டு பேரும் தெருவுலதான். ஒருத்தராவது வெளிய இருந்தா வக்கீல் வெச்சு உன்னைச் சீக்கிரம் எடுத்துடலாம்னு கணக்குப் போட்டேன். உனக்காகத்தான்."

"பாட்டிலை எடுத்து ஒரு தடவை குலுக்கிப் பார்த்தியா?"

அவன் மேஜை மேலிருந்த பாட்டிலைப் பார்த்தான். மூடினான்.

"கால் மணி நேரம்தான் ஆகும்" என்றாள். "குலுக்கி வெச்சுட்டு நின்னிருந்தாப் போதும்."

அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஏப்ரனை எடுத்தாள். மடிப்பை உதறிப் பிரித்து, கழுத்தில் மாட்டி, இடுப்பில் முடிச்சுப் போட்டாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டினாள். அவர் தொப்பிக்குப் பக்கத்திலிருந்த சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மா" என்று சர்வேயரைப் பார்த்துச் சொன்னாள். "கைக்குட்டை கறை போகாது. ஆனா நாப்பத்தொண்ணுல ஒரு தடவை அலசிட்டுக் கழுவிப் பாருங்க. பாதியாவது போகும்."

"சரிம்மா."

"ஆம்புலன்ஸ்காரங்க நாளைக்கு வருவாங்க. ரெண்டாவது தண்ணியில ரொம்ப நேரம் நிக்கக் கூடாது."

அவள் அறையின் கடைசியிலிருந்த இரும்புக் கதவை நோக்கி நடந்தாள். அண்ணன் பின்னாலேயே போனான். "பாப்பா, நானும் வரேன். வாளி தூக்கறேன். பாப்பா, ஒரு நிமிஷம் நில்லு."

வாசற்படியில் அவள் நின்றாள். கதவில் ஒட்டியிருந்த தகரப் பலகையை விரலால் தட்டிக் காட்டினாள். அதுவும் ஆணியால் கீறியதுதான். அவன் கையெழுத்து. ஆலை தொடங்கிய வருஷம் அவனே கீறியது: கலவைக்காரர் தவிர யாருக்கும் அனுமதியில்லை.

"படி" என்றாள்.

கதவு மூடியது. உள்ளேயிருந்து சாவி ஒரு முறை திரும்பியது. பிறகு, அவன் அங்கேயே நிற்பது தெரிந்ததுபோல், இன்னொரு முறை.